ஒலி சுமக்கும் எலக்ட்ரான்

காலியம் ஆர்சனைடு படிகத்தின் மேற்பரப்பில் ஓடும் ஒலியலை நொடிக்குச் சுமார் 2,860 மீட்டர் செல்கிறது. ஒளியின் வேகத்தில் இது லட்சத்தில் ஒரு பங்கு. மேற்பரப்பு ஒலியலையைக் கொண்டு மின்னூட்டத்தை ஆளும் துறைக்கு இந்த மந்த வேகம்தான் மூலதனம். 2.8 ஜிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ரேடியோ அலையின் நீளம் காற்றில் பத்து சென்டிமீட்டரைத் தாண்டும். அதே அதிர்வெண்ணில் படிகத்தின் மேல் ஓடும் ஒலியலையின் நீளம் ஒரு மைக்ரோமீட்டர்தான். ஓர் எலக்ட்ரானை அடைத்து வைக்கும் நானோ கட்டமைப்பும் ஏறக்குறைய அந்த அளவே. எலக்ட்ரானைத் தொடக்கூடிய அளவுக்குச் சிறிய அலை, கருவிகளால் பின்தொடரக்கூடிய அளவுக்கு மெதுவான அலை என்ற இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. நாற்பது ஆண்டுகளாக இத்துறையில் நடந்த நல்ல வேலைகள் எல்லாம் இந்த இரண்டு வசதிகளில் ஒன்றையாவது நன்றாகப் பயன்படுத்தியவை.

திடப்பொருளின் மேற்பரப்பை ஒட்டியே ஓடி, ஆழத்தில் ஓரிரு அலைநீளத்துக்குள் அடங்கிவிடும் அலையை ரேலே பிரபு 1885இல் கணக்கிட்டுக் காட்டினார். நிலநடுக்கத்தில் இத்தகைய அலைக்குப் பங்கிருக்கலாம் என்பது அவருடைய ஊகம். சிறு படிகத் துண்டில் அதை விருப்பம்போல் எழுப்பும் வழி கிடைக்க எண்பது ஆண்டுகள் ஆயின. 1965இல் பெர்க்லியில் வைட்டும் வோல்ட்மரும், மின்புலம் பட்டால் உருமாறும் அழுத்தமின் விளைவு கொண்ட படிகத்தின் மேல் இரண்டு உலோகச் சீப்புகளைப் பல்லோடு பல் கோத்தது போல மின்முனைகளைப் படியவைத்து, அவற்றுக்கு மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தார்கள். பற்களின் இடைவெளிக்கு ஏற்ற அலைநீளத்தில் படிகம் அசைந்தது. தொலைக்காட்சிப் பெட்டியும் பின்னாளில் கைப்பேசியும் அலைவரிசையைப் பிரித்தெடுக்க இந்த அமைப்பைத்தான் வடிகட்டியாகப் பயன்படுத்தின. இன்றும் கைப்பேசிகளில் இது இருக்கிறது.

வடிகட்டி செய்பவர்கள் காலியம் ஆர்சனைடைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மின்னாற்றலை ஒலியாற்றலாக மாற்றும் திறனில் லித்தியம் நியோபேட்டின் இணைப்புக் கெழு நூறில் ஐந்து பங்கு, காலியம் ஆர்சனைடுக்கோ பத்தாயிரத்தில் ஆறு பங்குதான். இருந்தும் எலக்ட்ரானை நகர்த்த நினைத்தவர்கள் இந்தப் பலவீனமான படிகத்தையே எடுத்தார்கள். மிகத் தூய்மையான எலக்ட்ரான் படலம் அங்கேதான் இருந்தது. காலியம் ஆர்சனைடையும் அலுமினியம் காலியம் ஆர்சனைடையும் அணு அணுவாக அடுக்கி வளர்த்தால், மேற்பரப்பிலிருந்து சுமார் நூறு நானோமீட்டர் ஆழத்தில், இரு அடுக்குகளும் சந்திக்கும் இடத்தில் எலக்ட்ரான்கள் தட்டையான படலமாகத் தங்கும். அலையின் மின்புலம் அந்த ஆழம் வரை தாராளமாக எட்டுகிறது.

மின்னூட்டத்தை அலையால் ஏற்றிச் செல்லும் முயற்சி குவாண்டம் இயற்பியலில் தொடங்கவில்லை. 1982இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹோஸ்கின்ஸ், மோர்கோச், ஹன்சிங்கர் மூவரும் காலியம் ஆர்சனைடில் எலக்ட்ரான் பொதிகளை அலையின் மின்னழுத்தக் குழிகளில் ஏற்றி இறக்கிக் காட்டினார்கள். ரேடியோ சமிக்ஞையைத் தாமதப்படுத்தும் கருவிக்கான வேலை அது. குழிக்கு எத்தனை எலக்ட்ரான் என்ற கேள்வி அப்போது எழவே இல்லை. குழிகள் அலையின் வேகத்தில் ஒழுங்காக நகர்கின்றன, உள்ளே விழுந்த மின்னூட்டம் அந்த வேகத்திலேயே போகிறது என்ற அடிப்படை மட்டும் அங்கே உறுதியானது.

அடுத்த படியில் திசை மாறியது. அலை எலக்ட்ரானை என்ன செய்கிறது என்று பார்ப்பதை விட்டு, எலக்ட்ரான் அலையை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். 1986இல் விக்ஸ்ஃபோர்த், கொட்ஹவுஸ், வைமன் ஆகிய ஜெர்மானியர்கள் வலுவான காந்தப்புலத்தில் வைத்த எலக்ட்ரான் படலத்தின் மீது அலையைச் செலுத்தி, அதன் வலு ஏறி இறங்குவதை அளந்தார்கள். படலத்தின் மின்கடத்துத்திறன் குவாண்டம் ஹால் விளைவால் அலைபாயும்போது ஒலியின் வலுவும் கூடவே அலைபாய்ந்தது. சில ஆண்டுகளில் பெல் ஆய்வகத்தில் வில்லெட்டும் உடனிருந்தோரும் காந்தப்பாய அலகு ஒன்றுக்கு அரை எலக்ட்ரான், அதாவது நிரப்பு எண் அரை, என்ற நிலையில் ஒலியில் எதிர்பாராத மாற்றத்தைக் கண்டார்கள். எலக்ட்ரான்கள் காந்தப்பாயத்தோடு சேர்ந்து புதுவகைத் துகள்களாக நடந்துகொள்கின்றன என்ற கருத்துக்கு ஆரம்பகால வலுவான சான்றுகளில் ஒன்றாக அது அமைந்தது. மின்கம்பியே இணைக்காமல் ஒரு படலத்தின் உள்நிலையைக் கேட்டறியும் வழியாக ஒலி மாறிய காலம் அது.

மின்னூட்டத்தை நகர்த்த நினைத்தவர்களுக்கு அந்த அளவீடுகளில் ஓர் எச்சரிக்கையும் இருந்தது. அலையோடு படலம் மிக வலுவாக உறவாடுவது அதன் கடத்துத்திறன் ஒரு குறிப்பிட்ட மதிப்பில் இருக்கும்போது. காலியம் ஆர்சனைடில் அந்த மதிப்பு சதுரத்துக்கு ஏறத்தாழ 0.3 மைக்ரோசீமென்ஸ். நல்ல எலக்ட்ரான் படலமோ அதைப் போல லட்சம் மடங்கு நன்றாகக் கடத்தும். அலை கொண்டுவரும் மின்புலத்தை எலக்ட்ரான்கள் நொடியில் ஓடி மறைத்துவிடும். எலக்ட்ரான் நிறைந்த இடத்தில் குழியே உருவாகாது. ஒலியால் எலக்ட்ரானைச் சுமக்க வேண்டுமானால் முதலில் அந்தப் பாதையிலிருந்து எலக்ட்ரான்களை வெளியேற்ற வேண்டும். இத்துறைக்குப் புதிதாக வருகிறவருக்கு முரணாகத் தோன்றும் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ளாமல் ஒரு சாதனத்தையும் வடிவமைக்க முடியாது.

கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் பெப்பர் நடத்திய குழுவுக்கு இதற்கான கருவி ஏற்கெனவே கைவசம் இருந்தது. படிகத்தின் மேல் நேரெதிராக இரண்டு உலோகக் கேட்டுகளை வைத்து எதிர் மின்னழுத்தம் கொடுத்தால், கீழே இருக்கும் எலக்ட்ரான் படலம் விலகி நடுவில் ஒரு குறுகிய வாய்க்கால் மட்டும் மிஞ்சும். மின்னழுத்தத்தை இன்னும் கூட்டினால் அந்த வாய்க்காலும் அடைபடும். அடைபட்ட வாய்க்காலுக்குள் சாதாரண மின்னோட்டம் போகாது. அங்கே ஒலியலையைச் செலுத்தினால் எலக்ட்ரான் இல்லாத அந்த இடத்தில் மின்புலம் மறைக்கப்படாமல் நிற்கும். வாய்க்காலின் பக்கச்சுவர்களும் அலையின் முன்பின் முகடுகளும் சேர்ந்து நகரும் குவாண்டம் புள்ளியை உண்டாக்கும். அடைபட்ட வாய்க்கால் உண்டாக்கும் மின்னழுத்த மேட்டின் மேல் குழி ஏறும்போது அதிகப்படியான எலக்ட்ரான்கள் பின்னால் வழிந்து படலத்துக்கே திரும்பிவிடும். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதால் கடைசியில் ஒன்றோ இரண்டோதான் குழியில் தங்கும்.

ஷில்டன், தல்யான்ஸ்கி முதலியோர் 1996இல் வெளியிட்ட அளவீட்டில் மின்னோட்டம் படிப்படியாக உயர்ந்தது. ஒவ்வொரு படியின் உயரமும் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அதிர்வெண்ணால் பெருக்கினால் வரும் மதிப்பின் முழு எண் மடங்கு. 2.7 ஜிகாஹெர்ட்ஸில் முதல் படி 0.43 நானோஆம்பியர். அலையின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் எலக்ட்ரான் என்பதே இதன் பொருள். அக்காலத்து ஒற்றை எலக்ட்ரான் சாதனங்கள் எலக்ட்ரானை ஊடுருவும் தடைகளின் வழியாக ஒவ்வொன்றாக அனுப்பின. அவை தந்த மின்னோட்டம் இதில் நூறில் ஒரு பங்குக்கு அருகில்தான் நின்றது. அவற்றோடு ஒப்பிட்டால் இது பெரும் பாய்ச்சல்.

அதனால் ஆம்பியரையே எலக்ட்ரானை எண்ணி வரையறுக்கலாம் என்ற ஆசை பிறந்தது. அளவியலாளர்களுக்கு வேண்டியது பத்து மில்லியனில் ஒரு பிழைக்கும் குறைவு. படியின் மேற்பகுதி தட்டையாக இருந்தால்தான் அது கிடைக்கும். கேம்பிரிட்ஜிலும், டெடிங்டனில் உள்ள பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்திலும் பல ஆண்டுகள் இந்தத் தட்டைத்தன்மையைத் துரத்தினார்கள். எதிர்த்திசையிலிருந்து இரண்டாவதாக ஒரு மெல்லிய அலையை அனுப்பி, அதன் கட்டத்தைத் திருத்தியபோது படி தட்டையாவதை 1999இல் கன்னிங்ஹாமும் உடனிருந்தோரும் கண்டார்கள். கேட்டுக்குப் பதில் படிகத்தையே மெல்ல அரித்து வாய்க்கால் வெட்டினால் படி மேம்படுவதும் தெரிந்தது. ஆனாலும் படியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு சாய்வு மிஞ்சியே நின்றது.

அந்தச் சாய்வின் காரணம் குழிகளில் மட்டும் இல்லை, ஒலியோடு கூட வந்தவற்றிலும் இருந்தது. இத்துறையில் உண்மையான கைவேலை தொடங்குவது இங்கேதான். சீப்பு மின்முனைக்கு ரேடியோ அதிர்வெண் மின்னழுத்தம் கொடுக்கும்போது அது ஒலியை மட்டும் எழுப்புவதில்லை. ஆன்டெனாவாகவும் வேலை செய்து மின்காந்த அலையைப் பரப்புகிறது. அந்த அலை கேட்டுகளை அதே அதிர்வெண்ணில் ஆட்டுகிறது. ஒலி வந்து சேரும்போது கேட்டு ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும். மின்முனையிலிருந்து வாய்க்கால் ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் ஒலி வர 350 நானோநொடி ஆகும், மின்காந்த அலையோ உடனே வந்துவிடும். தொடர்ச்சியாக அலை செலுத்தி அதிர்வெண்ணை மெல்ல மாற்றினால், இரண்டும் மாறி மாறிக் கூடியும் குலைந்தும் மின்னோட்டத்தில் 3 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு முறை ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும். அளவீட்டுத் தாளில் இந்த ஏற்ற இறக்கத்தை முதலில் பார்க்கிறவர்கள் அதை வாய்க்காலின் குவாண்டம் குணம் என்று எண்ணிவிடக்கூடும். அதன் இடைவெளியைத் தலைகீழாக்கி ஒலியின் வேகத்தால் பெருக்கினால் மின்முனைக்கும் வாய்க்காலுக்கும் உள்ள தூரம் கிடைக்கிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை.

இதற்குத் தீர்வும் ஒலியின் மந்த வேகத்திலேயே கிடைத்தது. அலையைத் தொடர்ச்சியாக அனுப்பாமல் சில நூறு நானோநொடித் துடிப்பாக அனுப்பினால், மின்காந்த அலை முதலில் வந்து ஓய்ந்துவிடும், ஒலி பிறகு தனியாக வரும். இரண்டும் காலத்தில் பிரிந்துவிடுகின்றன. துடிப்பாக அனுப்புவதால் மாதிரி சூடாவதும் குறைகிறது. ஒரு கெல்வினுக்கும் கீழே குளிர்விக்கப்பட்ட மாதிரிக்குப் பத்து, இருபது மில்லிவாட் ரேடியோ ஆற்றல் மிகப் பெரிய சுமை. படிகத்தின் விளிம்பில் பட்டுத் திரும்பும் ஒலியையும் கவனிக்க வேண்டும். மெழுகு, ஒளியுணர் பசை போன்ற மென்மையான பொருளை விளிம்பில் தடவினால் அது ஒலியை விழுங்கும், அல்லது எதிரொலி வருவதற்குள் துடிப்பு முடிந்து அளவீடும் முடிந்திருக்க வேண்டும். மின்முனைக்கும் கேட்டுகளுக்கும் நடுவே தரையிணைப்புள்ள உலோகத் தடுப்பு வைப்பது சாதாரண ஏற்பாடு. கட்டுரைகளில் ஒரு வரியோடு கடந்துபோகும் இந்த ஏற்பாட்டில் கிடைக்கும் பலன், வாய்க்காலின் வடிவத்தை மாற்றிக் கிடைக்கும் பலனைவிடப் பல நேரங்களில் அதிகம்.

மின்முனை செய்வதற்கும் அதற்கே உரிய நுணுக்கம் உண்டு. ஒரு மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்கு ஒவ்வொரு பல்லும் கால் மைக்ரோமீட்டர் அகலம், அதே அளவு இடைவெளி. எலக்ட்ரான் கற்றை லித்தோகிராஃபியால் இதை எழுதுகிறார்கள். பற்களே ஒலியைப் பின்னுக்குத் தள்ளாமலிருக்க ஒவ்வொரு பல்லையும் இரண்டாகப் பிளப்பது வழக்கம், அப்போது அகலம் இன்னும் பாதியாகும். நூற்றுக்கணக்கான பற்களில் ஒரே ஒரு இடத்தில் உலோகம் ஒட்டிக்கொண்டு குறுக்கிணைப்பு ஏற்பட்டாலும் மின்முனை வீண். காலியம் ஆர்சனைடின் இணைப்பு பலவீனமானது என்பதால் பற்கள் நிறைய வேண்டும். பற்கள் கூடக்கூட அலைவரிசை குறுகும். எழுபது இணைப் பற்கள் இருந்தால் 2.8 ஜிகாஹெர்ட்ஸில் அலைவரிசை சுமார் 40 மெகாஹெர்ட்ஸ்தான், அலை முழு உயரத்துக்கு வளர 25 நானோநொடி ஆகும். அறை வெப்பநிலையிலிருந்து குளிர்விக்கும்போது படிகம் இறுகி ஒலி ஏறக்குறைய ஒரு சதவீதம் வேகமெடுக்கிறது, அதிர்வெண்ணும் சில பத்து மெகாஹெர்ட்ஸ் மேலே நகர்கிறது. மேசை மேல் அளந்த அதிர்வெண்ணில் குளிர்விப்பானுக்குள் தேடினால் ஒலி கிடைக்காது.

ஆம்பியர் ஆசை வேறு வழியில் நிறைவேறத் தொடங்கியது. கேட்டின் மின்னழுத்தத்தையே ஜிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஏற்றி இறக்கி எலக்ட்ரானை அள்ளிப் போடும் பம்புகள் 2007க்குப் பிறகு முன்னுக்கு வந்தன. 2012இல் அத்தகைய பம்பு 150 பிகோஆம்பியரில் மில்லியனில் 1.2 பங்கு நிச்சயமின்மையோடு அளக்கப்பட்டது. ஒலியால் அந்த இடத்துக்கு வர முடியவில்லை. 2019இல் எலக்ட்ரானின் மின்னூட்டமே மாறாத எண்ணாக நிர்ணயிக்கப்பட்டு ஆம்பியர் புதிதாக வரையறுக்கப்பட்டபோது, ஒலியலைச் சாதனங்கள் அந்தப் போட்டியில் இல்லை. அந்தப் பத்து ஆண்டு உழைப்பு வீணானது என்று சொல்வது தவறு. துடிப்பு முறை, தடுப்பு முறை, வாய்க்காலின் வடிவம் பற்றிய அறிவு எல்லாம் அங்கேதான் சேர்ந்தன, அடுத்த கட்டம் அவற்றின் மேல்தான் எழுந்தது.

ஒளியோடு கூடிய கிளையும் இடையில் வளர்ந்தது. 1997இல் மியூனிக்கில் ரோக்கேயும் கூட்டாளிகளும் குவாண்டம் கிணற்றில் ஒளியால் எலக்ட்ரானையும் அது விட்டுச்செல்லும் காலியிடமான துளையையும் உண்டாக்கி, அலையின் எதிரெதிர்க் கட்டங்களில் அவற்றைப் பிரித்துவைத்தார்கள். அரை அலைநீளம் தள்ளியிருந்ததால் அவை சேரவில்லை. வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய் மின்புலத்தை நீக்கியபோது சேர்ந்து ஒளியாக வெளிவந்தன. நானோநொடியில் மறைய வேண்டிய ஒளி மைக்ரோநொடிக் கணக்கில் சேமிக்கப்பட்டது. 2005இல் பெர்லினின் பால் ட்ரூட் நிறுவனத்தில் ஸ்டாட்ஸ், சாண்டோஸ் முதலியோர் எலக்ட்ரானின் சுழலையும் குலையாமல் நூறு மைக்ரோமீட்டருக்கு மேல் கொண்டுசென்றார்கள். ஒலி கொண்டுவரும் ஒற்றை எலக்ட்ரானைத் துளைகள் நிறைந்த பகுதியில் இறக்கி ஒற்றை ஃபோட்டானாக வெளியிடும் யோசனை 2000இல் எழுதப்பட்டது. கேம்பிரிட்ஜில் அது செயலுக்கு வந்தது 2020இல்தான். இருபது ஆண்டுகள் ஆனதற்கு முக்கியக் காரணம், எலக்ட்ரான் படலத்தையும் துளைப் படலத்தையும் ஒரே படிகத்தில் பக்கத்தில் பக்கத்தில் செய்வதன் கடினம்.

2011இல் துறையின் முகம் மாறியது. ஒரே ஆண்டில், நேச்சர் இதழில், இரண்டு குழுக்கள் ஒரு குவாண்டம் புள்ளியிலிருந்து தொலைவில் உள்ள மற்றொன்றுக்கு ஒரே ஓர் எலக்ட்ரானை ஒலியால் அனுப்பியதை அறிவித்தன. கிரெனோபிளில் ஹெர்மெலின், மூனியே, பொய்யர்ல் குழு மூன்று மைக்ரோமீட்டர் தூரம் அனுப்பியது. கேம்பிரிட்ஜில் மெக்னீல், ஃபோர்ட் குழு நான்கு மைக்ரோமீட்டர் தூரத்தில் ஒரே எலக்ட்ரானை அறுபது தடவைக்கு மேல் போகவும் வரவும் செய்தது. முன்பெல்லாம் கோடிக்கணக்கான எலக்ட்ரான்களின் சராசரியை மின்னோட்டமாக அளந்தார்கள். இப்போது ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் வைத்த நுண்ணிய உணர்வான், அங்கே எலக்ட்ரான் இருக்கிறதா இல்லையா என்று சொன்னது. அலை கடந்த நொடியில் ஓர் உணர்வானின் மின்னோட்டம் ஒரு படி ஏறி, மறுமுனை உணர்வானின் மின்னோட்டம் ஒரு படி இறங்கும். அந்த இரண்டு படிகளும் ஒரே நேரத்தில் திரையில் தெரிவது, பல ஆண்டுகள் வளைகோடுகளின் சாய்வை மட்டும் அளந்துவந்த துறைக்குப் பெரிய மாற்றம்.

அனுப்புவதற்கு முன் எலக்ட்ரானை ஏற்றுவதே பாதி வேலை. புள்ளிக்குள் ஒன்றை மட்டும் அடைத்து, கேட்டின் மின்னழுத்தத்தை எலக்ட்ரான் பின்னால் தப்பாத இடத்துக்கு மாற்றி, ஒலி வந்தால் மட்டும் முன்னால் போகும் அளவுக்குத் தடையைக் குறைத்து வைக்க வேண்டும். தடை மிகவும் குறைந்தால் அலை வருவதற்கு முன்பே எலக்ட்ரான் ஓடிவிடும். கூடினால் அலை மேலே ஏறிப் போய்விடும், எலக்ட்ரான் அங்கேயே இருக்கும். எந்தெந்த மின்னழுத்தங்களில் எலக்ட்ரான் போகிறது என்று இரண்டு பரிமாணப் படமாக வரைந்து, நடுவில் உள்ள நல்ல பகுதியைத் தேர்ந்தெடுப்பதுதான் நாள்தோறும் செய்யும் வேலை.

எலக்ட்ரான் எந்தக் குழியில் ஏறுகிறது என்பது அடுத்த கேள்வியாயிற்று. ஒரு துடிப்பில் நூற்றுக்கணக்கான குழிகள் வருகின்றன. இரண்டு எலக்ட்ரான்களைச் சந்திக்கவைத்து ஒன்றின் பாதையை மற்றது மாற்றும்படி செய்ய வேண்டுமானால் இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். 2019இல் தகாதாவும் கிரெனோபிள் குழுவும் புள்ளியின் கேட்டுக்கு ஒலியின் ஒரு சுற்றைவிடக் குறுகிய மின்னழுத்தத் துடிப்பைக் கொடுத்து, குறிப்பிட்ட குழியில் எலக்ட்ரானை ஏற்றினார்கள். 22 மைக்ரோமீட்டர் நீளமான பாதையில் 99 சதவீதத்துக்கு மேல் தவறாமல் சேர்ந்தது. அந்தப் பயணம் ஏறக்குறைய எட்டு நானோநொடி. இணையாக ஓடும் இரண்டு வாய்க்கால்களின் நடுவே தடையைக் குறைத்து, எலக்ட்ரான் எந்தப் பக்கம் போகும் என்பதை மின்னழுத்தத்தால் மாற்றவும் முடிந்தது. ஒளியில் வேலை செய்பவர்கள் கதிர்ப் பிரிப்பானால் செய்வதை எலக்ட்ரானுக்கு ஒலியால் செய்த இடம் இது.

நூறு குழிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைவிட ஒரே குழியை மட்டும் அனுப்புவது எளிது என்ற எண்ணத்தில், பற்களின் இடைவெளி படிப்படியாக மாறும் மின்முனை வந்தது. அதற்கு அதிர்வெண் மாறிக்கொண்டே போகும் மின்னழுத்தம் கொடுத்தால், வெவ்வேறு அலைநீளங்கள் ஒரே இடத்தில் கூடி ஒரு சுற்று மட்டும் கொண்ட வலுவான ஒலித் துடிப்பாகின்றன. 2022இல் இந்த முறையால் ஒற்றை எலக்ட்ரான் சுமக்கப்பட்டது. குறிவைத்து ஏற்றும் துடிப்பு அப்போது தேவைப்படவில்லை. 2023இல் இரண்டு எலக்ட்ரான்களை ஒரே நேரத்தில் இரண்டு பாதைகளில் அனுப்பி நடுவில் சந்திக்கவைத்தபோது, அவை ஒரே பக்கம் சேராமல் விலகிப் பிரிவது பதிவானது. மின்விலக்கமே அதற்குக் காரணம் என்று கணக்கீடுகள் காட்டின. ஓடும் இரண்டு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று உணர்கின்றன என்பது குவாண்டம் கணிப்புக்கான வாயில். பார்ன்ஸ், ஷில்டன், ராபின்சன் மூவரும் 2000இலேயே இப்படிப்பட்ட கணினியைத் தாளில் வரைந்திருந்தார்கள்.

சுழலின் பக்கமும் வேலை நடந்திருக்கிறது. கிரெனோபிளில் 2016இல் சுழலின் தகவல் தொலைவில் உள்ள புள்ளிக்குச் சென்றது. 2021இல் ஒலியால் பிரிக்கப்பட்ட இரண்டு எலக்ட்ரான்களின் சுழல்கள் பிணைப்பு மாறாமல் இருப்பது காட்டப்பட்டது. காலியம் ஆர்சனைடின் அணுக்கருக்களுக்கே சுழல் உண்டு, அவை எலக்ட்ரானின் சுழலைக் குலைக்கின்றன. வேகமாக ஓடும் எலக்ட்ரான் பல அணுக்கருக்களைக் கடந்து செல்வதால் குலைவு ஓரளவு சராசரியாகிக் குறைகிறது என்பது ஓட்டத்தின் ஒரு நன்மை. பெரும்பாலான அணுக்கருக்களுக்குச் சுழல் இல்லாத சிலிக்கானுக்கு மாறலாம் என்று தோன்றும். சிலிக்கானுக்கு அழுத்தமின் விளைவு இல்லை, அதன் மேல் வேறு படலம் படியவைத்துத்தான் ஒலியை எழுப்ப வேண்டும். சிலிக்கான் குழுக்கள் இதைத் தவிர்த்து, வரிசையான கேட்டுகளின் மின்னழுத்தத்தை மாற்றி மாற்றி எலக்ட்ரானைத் தள்ளும் வழியை எடுத்திருக்கின்றன. அந்த வழியில் தூரம் கூடக் கூடக் கம்பிகளின் வடிவமைப்பு சிக்கலாகும், ஒலியில் ஒரே மின்முனை முழு நீளத்துக்கும் போதும்.

இன்றைய வேலை அலையின் உயரத்தில் நிற்கிறது. பாதைகள் கூடும் இடத்தில் எலக்ட்ரான் அடிமட்ட நிலையிலிருந்து எகிறிவிடாமல் இருக்கக் குழி ஆழமாக இருக்க வேண்டும். ஆழத்துக்கு ஆற்றல் வேண்டும், ஆற்றல் மாதிரியைச் சூடாக்கும். காலியம் ஆர்சனைடின் மேல் துத்தநாக ஆக்சைடு போன்ற வலுவான அழுத்தமின் படலத்தைப் படியவைத்து மின்முனையின் திறனைக் கூட்டுவது ஒரு வழி. ஒரு சுற்றுத் துடிப்பால் மொத்த ஆற்றலைக் குறைப்பது இன்னொரு வழி. கிரெனோபிளும் அதனோடு சேர்ந்து வேலை செய்யும் ஜப்பானியக் குழுக்களும் பல எலக்ட்ரான் மூலங்களை ஒரே துடிப்பால் கிளப்பும் சாதனங்களைச் செய்துவருகின்றன. அவற்றில் ஒவ்வொரு மூலத்துக்கும் ஏற்றும் மின்னழுத்தப் படத்தை வரைந்து, எல்லா நல்ல பகுதிகளும் ஒரே ஒலி உயரத்தில் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதிலேயே பெரும்பாலான நேரம் போகிறது.